வியாழக்கிழமை அவுட்ஸ்டேஷன்

என்னங்க,

‘அவுட்ஸ்டேஷன்’ என்றால் வெளியூர் வேலை என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். ஓய்வு பெற்ற பின்னும் வியாழன்தோறும் ஈப்போவுக்கு அவுட்ஸ்டேஷன் போகிறீர்கள். வழக்கம் தவறாமல் ஈப்போ பம்பளிமாஸும் வருகிறது.

நேற்றைய பழத்தில் கிள்ளான் கடை ஸ்டிக்கர் இருந்தது. நம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஈப்போ மூன்று மணி நேரம்; கிள்ளான் ஒரு மணி நேரம்கூட இல்லை.

உங்கள் தம்பி ஜெயந்திரனிடம் கேட்டேன்.

“அண்ணனுக்கு கிள்ளானும் அவுட்ஸ்டேஷன்தான் லா, அண்ணி,” என்று சிரித்தான். பிறகு ஏனோ அவசரமாகப் போனை வைத்துவிட்டான்.

அகராதியைப் பார்த்தேன். தலைமையிடத்திலிருந்து தள்ளி வைத்திருக்கும் முகாம் என்று போட்டிருக்கிறது. முகாமில் யார் இருப்பார் என்று போடவில்லை.

வரும் வியாழன் நானும் காரில் ஏறுகிறேன். அங்கே சொல்லிவிடுங்கள். ஒருவர் வீட்டுக்குச் சொல்லாமல் போய் எனக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
தலைமையிடம்