எங்கள் வேலிக்குப் போட்ட கோடு

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளிக்கூட வீதியில் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டியதே நான்தான். இன்று எல்லோருமாக நடந்து, வீதிக்கரையை மறித்து நிற்கும் வேலிகளுக்கெல்லாம், உள்ளே தள்ளிப் போட வேண்டும் என்பதற்கு அடையாளமாக, சுண்ணாம்புக் கோடு போட்டோம். வாளி என் கையில்.

வேலியின் ஓலைக் கிடுகு மாற்றும்போது கதியால் கம்பை ஒரு சாண் தள்ளி வீதிப் பக்கம் நடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். போன மாதம் என் கணவரும் அப்படித்தான் நட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வேலி வந்ததும் கதைத்துக்கொண்டே கடந்துவிட்டேன். பின்னால் ஐஸ் லொறி கிறீச்சென்று பிரேக் போட்டது. முன்வீட்டு ரெஜினா அக்காவின் மகள் எங்கள் வேலியைச் சுற்றி நடுவீதிக்கு இறங்கியிருக்கிறாள். லொறிச் சில்லுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

அக்கா கத்தவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டா: “என்ர வேலிக்குக் கோடு போட்டனீங்கள். உங்கட வேலிக்கு இல்லையோ ரீச்சர்?”

திரும்பிப் போய்ப் போட்டேன். கோடு வளைந்துவிட்டது.

இவர் கடலில். விடிய வந்ததும் கோடு கண்ணில் படும். “ஆர் போட்டது?” என்பார். நான்தான் என்று சொல்லிவிடுவேன். “அப்ப நான் நடேக்க ஏன் பேசாமல் நிண்டனீ?” என்று கேட்டால், அதுவும் என் பிழைதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.