கதவில் வைத்த பொட்டு

மாப்ள,

விரலில் சந்தன வாசத்தோடு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் ஆயுத பூஜை முடிந்து இப்போதுதான் பொரி கடலை பங்கிட்டோம். நெட்வொர்க் சாதனங்கள் இருக்கும் ரேக்குக்குக் கதவில் மட்டும்தான் பொட்டு வைத்தோம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரிதான் முதல் வேலை. ஆயுத பூஜை லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று லேப் முழுக்க நெட் போவதும் வருவதுமாக இருந்தது. தாளாளர் நம்மை நிற்கவைத்தே பேசினார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லா வயரையும் பிடுங்கி மாற்றிவிடலாம் என்றேன்.

நீ லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் சாவகாசமாக உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குள் நுழைந்தாய். "அது பேசிக்கிட்டேதான்டா இருக்கு. நாமதான் காது குடுக்கல." முதலில் அதன் கடிகாரத்தைச் சரிசெய்தாய். "நேரம் தப்பா இருந்தா சாட்சி எடுபடாது மாப்ள." பிறகு 'டெர்மினல் மானிட்டர்' என்று ஒரே ஒரு வரி. வேறு கம்ப்யூட்டர் வழியாக நுழைகிறவனுக்கு ஸ்விட்ச் தானாக எதையும் காட்டாது. நடப்பதை நடக்கும்போதே காட்டு என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்டதும் திரையில் வரி வரியாகக் கொட்டியது. வயர் செருகும் போர்ட்களில் ஒன்றில் மட்டும் இணைப்பு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. லேப் முழுவதற்கும் நெட் வருகிற போர்ட் அது.

ஸ்விட்ச் இருந்த ரேக்கைத் திறந்தோம். அந்தப் போர்ட்டின் தலையில் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வயரைக் கழற்றினால் உள்ளேயும் வழிந்திருந்தது. லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கையைப் பிசைந்தார். "நான் வைக்கல தம்பி. தாளாளர் சார்தான் ஒவ்வொண்ணுக்கும் தன் கையால வச்சாரு." நீ புது வயர் எடுத்து வேறு போர்ட்டில் செருகினாய். திரையில் 'எழுந்தது' என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு 'விழுந்தது' என்று வரவே இல்லை.

தாளாளர் வந்து, "யார் பண்ணுன வேலை இது?" என்றார். தூசி என்று சமாளிக்க நான் வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "நீங்க ஆசையா வச்ச பொட்டு சார். அம்புட்டு சந்தனத்த அது தாங்கல. அடுத்த வருசம் கதவுல வைங்க, அது போதும்." அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இவன் என் கூட்டாளி என்று அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

நீ போன பிறகு இது இரண்டாவது ஆயுத பூஜை. அந்தக் கல்லூரி இன்றும் நம்மிடம்தான் இருக்கிறது. எந்தச் சாதனத்துக்குள் நுழைந்தாலும் கடிகாரம் பார்த்து, அந்த ஒரு வரியைத் தட்டிய பிறகுதான் மற்றதைத் தொடுகிறேன். சற்று முன் தாளாளர் போனில் கூப்பிட்டார். "தம்பி, பொட்டு கதவுலதான் வச்சேன். உங்க கூட்டாளிகிட்ட சொல்லிருங்க." உன் காரியத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர் அவர். தெரிந்தேதான் சொன்னார். "சொல்லிர்றேன் சார்" என்றேன்.

சொல்லிவிட்டேன், மாப்ள.