ஒட்டடைக் கம்பும் ஒரு புதன்கிழமையும்

ராசா, உன் பொண்டாட்டியைத் திட்டாதே. அந்தக் கூட்டத்துக்கு அவளை இழுத்துட்டுப் போனவ நான்தான். சண்டைக்குப் போய் வந்தவங்க வீட்டுல எப்படி இருக்காங்கன்னு ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி பண்றாங்க, அவங்க கூட்டினதுதான். பட்டாளத்துக்காரங்க பொண்டாட்டிங்க அத்தனை பேர் இருந்தும் ஒருத்தியும் வாயைத் திறக்கலை. என் வாய் சும்மா இருக்குமா?

"எங்க பையனைத் தூக்கத்துல தொட்டா கழுத்தைப் பிடிச்சிடுறான். இவ எட்ட நின்னு ஒட்டடைக் கம்பால எழுப்புறா"ன்னுட்டேன்.

இவ என்னை முறைச்சா. அதுக்குள்ள பின்னாடியிருந்து ஒருத்தி, "நான் தலையணையை எறிவேன், அக்கா"ன்னா. ஒரே சிரிப்பு! உன் பொண்டாட்டியும் சிரிச்சா, ராசா. எவ்வளவு நாளாச்சு!

டாக்டரம்மா சொன்னாங்க, இது பைத்தியம் இல்லையாம், மனசுல பட்ட காயமாம், ஆறுமாம். நானும் சாமியை விடாம கும்பிடுறேன். ஆனா கால் உடைஞ்சப்போ டாக்டர்கிட்டதானே போனே?

புதன்கிழமைதோறும் ஆம்பளைங்களுக்குத் தனியா கூட்டம் வைக்கிறாங்க. மேலதிகாரிக்குத் தெரிஞ்சா பதவி உயர்வு போயிடும்னு பயப்படுறியாம். இவ கழுத்தை முந்தானையால மூடிக்கிட்டே திரியிறா, அதையும் பாரு. வந்துடுப்பா.

உனக்காக விளக்கேத்துற
அத்தை

அட, மறந்தே போயிட்டேன். போன புதன்கிழமை முதல் ஆளா வந்தது உங்க மேஜராம். உன்கிட்ட சொல்லச் சொல்லி அவர் சம்சாரமே சொன்னாங்க.