அது சுவரின் நிறம்

பிப்ரவரி 11
படுக்கையறைக்கு இன்று இரண்டாவது கோட் முடிந்தது. கலர் கார்டில் விரலகலத்துக்குப் பார்த்தபோது சாதுவான நீலம். வெளிறியும் இல்லை, அடர்த்தியும் இல்லை. நடுவாந்தரம், கொஞ்சம் சாம்பல் கலந்த குளிர்ச்சி. நான்கு சுவரிலும் ஏறியதும் அறைக்குள் தண்ணீர் நிற்பதுபோல் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு வெள்ளைதான் வேண்டுமாம். "இது ரூமா டீச்சர், நீச்சல் குளமா?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் என்றே கூப்பிடுகிற மனிதர். நான் ஓய்வு பெற்றும் அவர் விடவில்லை.

பிப்ரவரி 14
இவருக்கு இருமல். பெயிண்ட் வாடை என்கிறார். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

பிப்ரவரி 20
மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். மூச்சு வாங்குகிறது என்று வாயால் சொல்லமாட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். "ஹாரன் நல்லாத்தான் இருக்கு. இன்ஜின்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."
வாடை போனால் சரியாகிவிடும். வாடை இன்னும் இருக்கிறதா என்ன? எனக்குத் தெரியவில்லை; மூக்குக்குப் பழகியிருக்கலாம்.

பிப்ரவரி 27
வெளியூரிலிருக்கும் மகள் வீடியோவில் வந்தாள். இவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே அவள், "அம்மா, அப்பா உதடு ஏன் நீலமா இருக்கு?" என்றாள்.
சிரித்துவிட்டேன். "சுவருடி அது. புது பெயிண்ட்."
அவள் விடவில்லை. ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்துச் சுவரோரம் பிடித்துக் காட்டினேன். கோப்பையும் நீலம் பூசிக்கொண்டது. வகுப்பில் இதையே வண்ணத்தாள் மேல் முட்டையை வைத்துச் செய்வேன். கடைசி பெஞ்சுகூட வாயைப் பிளக்கும். "சரிங்க டீச்சர்," என்றாள், அப்பா மாதிரியே.
எடுத்துக்காட்டு நன்றாக அமைந்துவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

மார்ச் 3
இன்னொரு தலையணை கேட்கிறார். மட்டமாகப் படுத்தால் நெஞ்சை அடைக்கிறதாம். செருப்பு வார் பதிந்த தடம் கணுக்காலில் மாலைவரை போகவில்லை. டாக்டரிடம் போவோம் என்றேன். அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

மார்ச் 5
சுவர்தான் காரணம் என்றால் என் நகமும் நீலமாகத் தெரிய வேண்டும், இல்லையா? அவர் தூங்கும்போது பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். தெரிகிறது. கொஞ்சம்.
அவருடையது கூடுதல். அவர் சுவரோரம் படுப்பவர்.

மார்ச் 8
ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
காலையில் அறைக்குள் மூச்சு முட்டுகிறது என்றார். வாசலில் வெயிலில் நாற்காலி போட்டேன். அப்படியே நகம் வெட்டிவிடலாம் என்று கையைப் பிடித்தேன். எதிரே செங்கல் மதில். நல்ல வெயில். சுற்றிலும் நீலமாக ஒன்றுமே இல்லை. அவர் விரல்கள் மட்டும் —
நகவெட்டி கீழே விழுந்துடுச்சு. ஐயோ, என்ன பண்ணிட்டேன். என் கண்ணு முன்னாடியே இருந்துச்சே. அவர் என்னையே பாத்துட்டு இருந்தார். "என்ன டீச்சர், பெயிலா?"

மார்ச் 9
இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். எப்போதிலிருந்து நிறம் மாறியது என்று டாக்டர் கேட்டார். "கவனிக்கலையாம்மா?"
கவனித்தேன். விளக்கமும் கொடுத்தேன்.

மார்ச் 21
வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குள் பெயிண்டரை மறுபடி வரவழைத்தேன். இப்போதுதானே அடித்தோம், நன்றாகத்தானே இருக்கிறது என்று பெயிண்டருக்கு மனத்தாங்கல். நீலம் எட்டிப் பார்க்காத வரைக்கும் வெள்ளை அடியுங்கள் என்றேன்.
இவர் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். "நான் கேட்ட கலரு. இதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு."
சிரிக்கத்தான் செய்தேன்.

மார்ச் 26
படி ஏறினார். நிற்கவில்லை.

மார்ச் 30
நின்றார்.

ஏப்ரல் 2
காலை மாத்திரைக்குக் கையை நீட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளைப் போர்வை, நல்ல வெளிச்சம். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.
"உன் புடவை கலருதான் டீச்சர்," என்றார்.
நான் கட்டியிருந்தது மஞ்சள்.
வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.