நான் கையெழுத்திட்ட பரிந்துரை

ஆகஸ்ட் 18, திங்கள்
வேதாகமக் கல்லூரியில் முதல்வராக முதல் நாள். மழை. வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்து வரவேற்றார்கள். பத்தொன்பது ஆண்டுகள் முதல்வராக இருந்த சிக்பியோர்ன் மாமா எனக்காக ஜெபித்தார். மாணவர்களில் பாதிப் பேர் அழுதார்கள் — அவர் போகிறாரே என்று. அவர் மகளைக் கட்டிய மருமகன் என்பதால்தான் இந்த நாற்காலி எனக்குக் கிடைத்ததோ? நானே சில சமயம் அப்படி நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 27
வடக்கே ஒரு தீவுச் சபை, போன வருடம் படிப்பு முடித்த ஐவினைப் போதகராக அழைத்திருக்கிறது. கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். நல்ல பேச்சாளன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 9
ராக்னா என்று ஒரு பெண் வந்தாள். இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுப் போனவள். இப்போது மீன் ஆலையில் வேலை. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவளை, அவளுடைய ஜெபக்குழுவை நடத்திய ஐவின், அது விசுவாசக் குறைவு என்று சொல்லி நிறுத்த வைத்திருக்கிறான். மூன்றே வாரத்தில் கடலில் குதித்திருக்கிறாள். மீனவர்கள் தூக்கியிருக்கிறார்கள். அதன்பின் ஆறு வாரம் ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னாளாம். மன்னித்துவிடு, வெளியே பேசாதே என்றாராம்.

"அவன் போதகராப் போறான்னு பேப்பர்ல பாத்தேன். அங்கயும் மாத்திரை சாப்பிடுறவங்க இருப்பாங்கல்ல?"

பரிந்துரைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 10
மாமா வீட்டுக்குப் போனேன். அவர் எதையும் மறுக்கவில்லை. ஐவினைக் கண்டித்தாராம், அவன் அழுதானாம், அதோடு முடிந்ததாம்.

"இருபத்து நாலு வயசுப் பையன். ஒரு தப்புக்காக அவன் ஊழியத்தையே அழிக்கச் சொல்றியா?"

"அவ உயிர் போயிருக்கும், மாமா."

"போகலையே."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 11
எழுத ஒன்றுமில்லை. ஜெபிக்கவும் முடியல.

செப்டம்பர் 13
மனைவி இங்குன்னிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெயர் கெட்டுப்போகும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாம இருந்துட்டு, உன்னால அந்த ரூம்ல உட்கார முடியுமா?" என்றாள். அவளுக்கு அவர் அப்பா. எனக்கு அவர் யார்? என்னை ஊழியத்துக்குக் கொண்டுவந்தவர், என் திருமணத்தை நடத்தியவர்.

செப்டம்பர் 15
முதலில் ஐவினைப் போனில் கூப்பிட்டேன். நீயே சபையிடம் சொல்லிவிடு என்றேன். கர்த்தர் தன்னை எப்போதோ மன்னித்துவிட்டார் என்றான். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ராக்னாவிடம் அனுமதி கேட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது என்றும் சொன்னேன். "தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

கடைசியாகத் தீவுச் சபையின் மூப்பர், ஊட்பியோர்க் என்ற அம்மாள். ராக்னாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாம் சொன்னேன் — மாமாவுக்குத் தெரிந்திருந்ததையும். பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போதகர் பிரதிஷ்டை, விருந்துக்கு ஆட்டுக்கறி வரைக்கும் சொல்லியாச்சு என்று முனகினார். அப்புறம் குரல் தாழ்ந்தது.

"என் மகளும் மாத்திரை சாப்பிடுறா" என்றார்.

செப்டம்பர் 21
பிரதிஷ்டை நடக்கவில்லை.

அக்டோபர் 6
கல்லூரி ஆட்சிக்குழு கூடியது. இரண்டு உறுப்பினர்கள் விலகிவிட்டார்கள். மாமனாரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நான் உள்ளே போனதும் காபியைப் பற்றிப் பேசுகிறார்கள். மாமா காலை ஆராதனைக்கு வருவதில்லை. அவர் இடத்தில் யாரும் உட்காருவதுமில்லை.

நான் செய்தது சரிதான். பிறகு ஏன் திருடன் மாதிரி நடைவழியில் ஒதுங்கிப் போகிறேன்?

டிசம்பர் 3, புதன்
இங்குன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டு வந்தாள். ராக்னாவைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். நான் முதலில் ராக்னாவிடம் கேட்டேன்.

"வரட்டும். ஜெபம் மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க."

மாமாவிடம் அப்படியே சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"அப்போ நான் அங்க போயி என்ன செய்யுறது?"

கார்க் கதவைத் திறந்து விட்டேன். ஏறிக்கொண்டார்.