எங்களைக் கேட்டிருந்தால்

14 ஜூன் 1974, வெள்ளி

ராஜஸ்தானில் நம்முடைய குண்டு வெடித்ததிலிருந்து ஆபீசில் வேறு பேச்சே இல்லை. போதாததற்கு நாளை பட்டிமன்றம். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டது தவறே என்ற அணியில் பக்கத்து மேஜை சரோஜா பேசுகிறாள். மத்தியானம் சாப்பிடும்போது, "சார், எதிரணி என்ன சொல்லுமோ அதை நீங்க சொல்லுங்க. மடக்க முடியுதான்னு பாக்கறேன்" என்றாள்.

சொன்னேன். "அது விழலேன்னா ஜப்பான்காரன் சரணடைஞ்சிருக்க மாட்டான். சயாம் காட்டுல ரயில் பாதை போட மலேயாவிலேருந்து அவன் பிடிச்சுட்டுப் போன நம்ம ஆளுங்க ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டாங்க."

ஒரு வாய் தயிர்சாதத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அவங்க பொழைக்கறதுக்காகத் தொட்டில்ல கெடந்த குழந்தையெல்லாம் எரியணுமா சார்? அவங்களையே கேட்டிருந்தாக்கூட வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க."

சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் காட்டிலிருந்து திரும்பியவர்களில் நானும் ஒருவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரில் இந்த ஒற்றை அறைக்கு வந்த பிறகு எவரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

அவள் சொன்னதுதான் நியாயம். நாளை அவள்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அங்கே போய் உட்கார என்னால் ஆகாது. அந்தக் காட்டிலேயே காலராவில் போன தம்பியை என் கையாலேயே குழியில் இறக்கிய அன்று என்னைக் கேட்டிருந்தால், போடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

தொட்டிலில் குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும்.