அண்ணி, நீங்கள் குறித்து வைத்த நாட்கள்

அண்ணி,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் இந்த வருடத்துப் பங்குக் காலண்டர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சமையலறை ஆணியில் மாட்டும்போது புதுத் தாளின் மை வாசனை அடித்தது. உடனே நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். லிங்கராஜபுரம் வீட்டில் காலண்டர் உங்கள் பொறுப்பு. திருநாட்களும் ஒருசந்தி விரத நாட்களும் அச்சடித்த அந்தக் கட்டங்களுக்குள் நீங்களும் குறிப்பீர்கள். மாதவிடாய் வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், கைகால் மூட்டு வீங்கிய நாளுக்குப் பென்சிலில் ஒரு டிக்.

அம்மா அந்த டிக்குகளைப் பார்த்துவிட்டு, மருமகள் நவநாள் செபம் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் விட்டார். மறுவாரம் நான்கு பெண்கள் வீடு தேடி வந்து, "எந்தப் புனிதருக்குமா வேண்டிக்கினு இருக்கே?" என்று கேட்டார்கள். நீங்கள் முகம் மாறாமல், "என் முட்டிக்குத்தான் ஆன்ட்டி" என்றீர்கள். அவர்கள் போன பிறகு நாம் சிரித்த சிரிப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் சோறு குழைந்தது.

அன்றுதான் என்னைக் காலண்டர் அருகே இழுத்துக்கொண்டு போனீர்கள். "இங்க பாரு. ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னாடி நாலஞ்சு டிக் இருக்கு. பாப்பா பொறந்தப்புறம்தான் இது ஆரம்பிச்சுது. ரெண்டுக்கும் என்னமோ இருக்கு." நான் என்ன சொன்னேன்? "எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே அண்ணி." அதோடு விட்டேனா? அம்மாவிடம் போய், "துணி துவைக்கிற அன்னிக்குன்னு பாத்துதான் அண்ணிக்குக் கை வீங்குது" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம்.

சில வருடம் கழித்து வட்டங்கள் தாறுமாறாக விழ ஆரம்பித்தன. தெருமுனை கிளினிக்கில் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். வட்டங்கள் ஒழுங்காயின, டிக்குகள் மாதம் முழுக்கப் பரவின. கன்னம் இரண்டும் சிவந்து தடித்தது. பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அம்மா. நீங்கள் காலண்டரையே கழற்றிச் சுருட்டி கிளினிக்குக்கு எடுத்துப் போனீர்கள். "இதெல்லாம் வீட்டுல மாட்டிக்கோங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். லூபஸ் என்ற பெயர் நம் காதில் விழுந்தபோது உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. உங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது.

அந்த மாத்திரைதான் உங்களைக் கொன்றது என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் வருடக்கணக்காக ஒரு பெண் தன் உடம்பைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்ததை ஒருவர்கூட உட்கார்ந்து படிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். படிக்காதவர்களில் நானும் சேர்த்திதான்.

உங்கள் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. வைட்ஃபீல்டில் வேலை. போன ஆடியில் ஒருநாள் ஆபீஸ் வண்டியை விட்டு இறங்கி வந்தவள், "அத்தை, மோதிரம் கழட்ட வரல" என்று கையை நீட்டினாள். விரல்கள் உங்கள் விரல்கள். தீட்டும் மூன்று மாதமாகச் சரியில்லை என்றாள். ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது என்று அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். நான்தான் அழைத்துப் போனேன்.

பெண்கள் டாக்டர் நல்ல மாதிரிதான். கன்னடமும் தமிழுமாக, "சும்னே டென்ஷன் ஆகாதீங்கம்மா. மூணு மாசம் ஹார்மோன் மாத்திரை எடுக்கட்டும், சரியாகிடும்" என்று எழுதப் போனார். நான் அந்தச் சீட்டின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"எழுதறதுக்கு முன்னாடி இவ அம்மாவுக்கு என்ன இருந்துச்சுன்னு கேளுங்க மேடம்."

பக்கத்தில் இவள், "அத்தை, விடுங்க" என்று என் புடவையை இழுத்தாள். விடவில்லை. வட்டத்தையும் டிக்கையும், பிரசவத்தையும் மாத்திரையையும், எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே இருந்து நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"அவங்க இதை அப்பவே யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னாங்க மேடம். நாங்கதான் கேக்கல."

மாத்திரை எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மூட்டு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். அதே நோய்தான் அண்ணி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆனால் ஆரம்பம். சிறுநீரகம் சுத்தமாக இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே அடிக்கிற இந்த நோய், பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது சிலருக்குக் கூடும் என்று மூட்டு டாக்டர் விளக்கினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதாம். அதனால்தான் அவரவர் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். காசு கட்டி நான் கேட்டுக்கொண்ட இந்தப் பாடத்தை நீங்கள் சமையலறையில் நின்று சும்மாவே சொன்னீர்கள்.

இவளுக்குப் பயம் இருக்கிறது. கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆகும் என்று கேட்கிறாள். நோய் அடங்கியிருக்கும்போது டாக்டரைக் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். "பாவம், இந்தப் பொண்ணை யார் கட்டுவா" என்று உச்சுக்கொட்டிய அன்பியத்துக் கிழவியிடம், அவள் யாரைக் கட்டுவாள் என்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று பெயர். இருக்கட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கப் போவதில்லை அண்ணி. கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், உங்கள் குணம் அது. என் கோபம் ஆறிப்போகும். அது ஆறக் கூடாது. வியாழக்கிழமை உங்கள் மகளுக்கு மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.